ராயப்பனின் ஞானஸ்நானம்

குடியை விட்டவன் வீட்டில் முதலில் மாறுவது சத்தம்தான். சந்தியாகு குடித்துக்கொண்டிருந்த காலத்தில், பாலத்தடிச் செம்பனைத் தோட்டத்தில், வேலையாட்கள் வரிசையாகக் குடியிருக்கும் கீழ் லயத்தின் கடைசி வீட்டில் பொழுது சாய்ந்தால் சோற்று மங்கு உருளும், தகரக் கதவு அறையும், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். இப்போது அதே நேரத்துக்கு அங்கிருந்து பாட்டு வந்தது. சந்தியாகுவுக்குப் பாட்டும் வராது, குரலும் கிடையாது. ஆனாலும் குளித்து, தலைக்கு எண்ணெய் தடவி, கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து கைதட்டிப் பாடுவான்.

"முந்தியாச்சும் குடிச்சிட்டு ஒறங்கிருவான். இப்ப அதுவும் இல்லலா" என்பார் எதிர்வீட்டு ரெங்கசாமி. சொல்லிவிட்டுத் தன் தொடையில் தாளமும் போடுவார்.

அடுப்படியில் நின்று அந்தக் கட்டைக் குரலைக் கேட்கும்போதெல்லாம் நவமணி சிலுவை போட்டுக்கொள்வாள். எத்தனை செபமாலை சொல்லியிருப்பாள் இதற்காக! அந்தோணியாருக்கு அவள் ஏற்றிய மெழுகுவர்த்திகளை வரிசையாக நட்டால் லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விடும். கடைசியில் அவனைத் திருத்திய பேர் பெந்தகோஸ்தே சபைக்குப் போய்ச் சேர்ந்தது.

லோரி ஓட்டும் உடையப்பன்தான் அவனை முதலில் அங்கே கூட்டிப் போனது. பழைய ரப்பர் ஸ்டோரில் வெள்ளிக்கிழமை தோறும் ஜெபக்கூட்டம் நடக்கும். சந்தியாகு போதையோடு தள்ளாடிக்கொண்டே போனான்; போய் நடுக்கூட்டத்தில் வாந்தி எடுத்தான். கிள்ளானிலிருந்து வரும் பாஸ்டர் குமாரசிங்கம் அவனை வெளியே தள்ளவில்லை. சட்டைக்கையை மடித்துவிட்டு, அத்தனையையும் தானே கழுவி, அவன் தலைமேல் கையை வைத்துக்கொண்டு அழுதாராம். அன்றோடு சம்சுச் சாராயம் போயிற்று. நவமணி அந்த மனிதரை நேரில் பார்ப்பதற்கு முன்பே கிள்ளான் இருக்கும் திசைக்குக் கும்பிடு போட்டாள்.

கல்லறைத் திருநாள் கழிந்த வாரம். பகல் முழுக்கப் பெய்து ஓய்ந்திருந்தது. அவித்த மரவள்ளிக் கிழங்கும் நெத்திலிச் சம்பலும் வைத்துக்கொண்டு இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

"நவமணி."

"ம்."

"வர்ற ஞாயித்துக்கெழம ஜெராம் கடல்ல முழுக்கு. கூட்டத்துலேர்ந்து நாலஞ்சு பேரு எடுக்குறாங்க. எம்பேரையும் குடுத்திட்டேன்."

கிழங்கைப் பிட்ட கை அப்படியே நின்றது. "ஒங்களுக்குத்தான் கைப்பிள்ளையிலயே ஞானஸ்நானம் குடுத்தாச்சே."

"அது எனக்கா தெரியும்? மனசு திரும்பி, தெரிஞ்சு முங்குனாத்தான் ஞானஸ்நானமாம். கைப்பிள்ள தலையில ஊத்துறதெல்லாம் வெறும் தண்ணியாம். பாஸ்டர் சொல்றாரு."

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. சம்பலைப் பார்த்தபடி, "நான் நம்ம பயலச் சொல்லல, புள்ள" என்றான்.

"வேற யாரச் சொன்னீங்க?"

அவன் தட்டைத் தள்ளிவைத்தான். வெளியே கூரைத் தண்ணீர் வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. அன்று அவன் பாடவில்லை.

அவர்கள் பிள்ளை ராயப்பன் மூன்று மாதம்தான் உயிரோடு இருந்தான். அடைமழைக் காலத்தில் பிறந்த பிள்ளை. மாதத்துக்கு ஒரு ஞாயிறு தோட்டத்துக் கத்தோலிக்கக் கோயிலில் பூசை வைக்க வரும் சாமியார், பாலம் முங்கிக் கிடந்ததால் அந்த மாதம் வரவில்லை. அடுத்த மாதம் வந்தார். அப்போது சந்தியாகு, "ஆம்பளப் பிள்ள, சும்மாவா குடுக்கறது? கெடா வெட்டிக் குடுப்போம், கொஞ்சம் பொறு" என்று தள்ளிவைத்தான். பிள்ளை நோஞ்சான். மூச்சு விடும்போது நெஞ்சு குழி விழும். பெற்றவளுக்கு உள்ளுக்குள் உதறல்தான்.

வேலைக்குப் போகும்போது பிள்ளைக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவாள். அங்கே தொட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா திலகம். நெற்றி நிறையக் குங்குமமும் மணிக்கட்டில் மாரியம்மன் கோயில் கயிறுமாக இருப்பாள். நவமணி ஒருநாள் அவளைத் தனியே அழைத்துச் சொல்லிவைத்தாள்:

"அக்கா, எங்க வேதத்துல அவசரம்னா யாரு வேணும்னாலும் ஞானஸ்நானம் குடுக்கலாம். சாமியாரே வேணும்னு இல்ல, வேதக்காரங்களே வேணும்னும் இல்ல. சபை எத நெனச்சுக் குடுக்குதோ அத நீங்களும் நெனச்சுக்கிட்டு, தலையில தண்ணி ஊத்தி, நான் சொல்ற வார்த்தையச் சொன்னாப் போதும்."

"நானாடி? மாரியாத்தா கோவிச்சுக்க மாட்டா?"

"பிள்ளைக்குத்தானேக்கா."

திலகம் கொஞ்சம் யோசித்தாள். "பிள்ளைக்குன்னா கோவிச்சுக்க மாட்டா. அவளும் பிள்ளக்காரிதான்."

மறந்துபோகாமல் இருப்பதற்காக, 'பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே' என்பதைத் தாலாட்டு மெட்டில் போட்டு எல்லாத் தொட்டிலையும் ஆட்டினாள். கொட்டகைப் பக்கம் போனவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

ஒருநாள் மழைக்குள் பிள்ளைக்கு ஜன்னி கண்டது. நவமணி தூரத்துச் செம்பனைக் காட்டில் வேலையில் இருந்தாள். சந்தியாகு சாராயக் கடையில் இருந்தான். ஆள் வந்து சொல்லி அவள் ஓடி வந்தபோது பிள்ளை மூச்சு நின்று திலகத்தின் மடியில் கிடந்தது. தலைமுடி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. "சொல்லிட்டேண்டி. நீ சொன்னதெல்லாம் சொல்லி ஊத்திட்டேண்டி" என்று திலகம் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கோயில் உபதேசியார் மரியான் வந்து விசாரித்தார். தலையில் ஊற்றினாயா, சொல்ல வேண்டியதைச் சொன்னாயா என்று கேட்டார். இரண்டுக்கும் திலகம் ஆமாம் என்றாள். அதனால் ராயப்பனுக்குக் கல்லறைத் தோட்டத்து முள்கம்பி வேலிக்கு உள்ளே இடம் கிடைத்தது, சிறிய சிலுவையும் கிடைத்தது. ஞானஸ்நானம் இல்லாமல் போன பிள்ளைகள் வேலிக்கு வெளியே, வாய்க்கால் ஓரத்தில் கிடந்தார்கள். சிலுவை கிடையாது, தலைமாட்டில் ஒரு கல். அவர்களுக்கு மோட்சமும் இல்லை நரகமும் இல்லை, லிம்போ என்று ஒரு இடம் உண்டு, அங்கே வேதனை கிடையாது, ஆனால் கடவுள் முகத்தைப் பார்க்க முடியாது என்று உபதேசியார் வேதபாடத்தில் சொல்லுவார். "அப்ப அம்மா மூஞ்சிய?" என்று ஒருத்தி கேட்டபோது அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

இந்தக் கல்லறைத் திருநாளுக்கும் திலகம் நவமணியோடு போய், மெழுகுவர்த்திப் பக்கத்தில் நாலு மாரி பிஸ்கட்டை வைத்துவிட்டு வந்திருந்தாள். நவமணி அவளைத் தடுப்பதில்லை.

வியாழக்கிழமை மாலை பாஸ்டர் தம் கப்சாய் மோட்டார் சைக்கிளில் வந்தார். சந்தியாகுதான் வரச் சொல்லியிருந்தான். கனத்த உடம்பு, தடித்த கண்ணாடி. அவருடைய அப்பா ஏதோ ஒரு தோட்டத்தில் பெரிய கிராணியாக, தலைமைக் கணக்கராக இருந்த யாழ்ப்பாணத்துக்காரர். அந்த வீட்டுப் பிள்ளை பெந்தகோஸ்தேயில் சேர்ந்ததற்கு வீட்டில் இன்னும் பேச்சுவார்த்தை இல்லையாம்.

"கிராணி மகன் செருப்பக் கழட்டிட்டு லயத்துக்குள்ள வர்றாரு. ஒலகம் முடியப்போகுதுன்னு அவரு சொல்றது நெசந்தான் போல" என்றார் ரெங்கசாமி, காதில் விழும்படியே. பாஸ்டர் சிரித்துக்கொண்டு அவருக்கும் ஒரு வணக்கம் சொன்னார்.

நவமணி தேத்தண்ணியும் பொரித்த வாழைப்பழமும் கொண்டுவந்து வைத்தாள்.

"தங்கச்சி, உங்களைக் கட்டாயப்படுத்த நான் வரேல்லை" என்றார் அவர். "பிரதர் நித்திரை கொள்ளுறார் இல்லையெண்டு சொன்னார். அதுதான் வந்தனான்."

"ஐயா, இவரு இன்னிக்கு மனுசனா ஒக்காந்திருக்காருன்னா அது ஒங்களாலதான். அத நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா எம்பிள்ளைக்குக் குடுத்தது ஞானஸ்நானம் இல்லன்னு இவரு வாய்விட்டுச் சொல்லணுமா?"

"பிள்ளையைப் பற்றி ஒண்டும் சொல்லத் தேவையில்லை. குழந்தையில தன்ர தலையில ஊத்தினது ஞானஸ்நானம் இல்லையெண்டு சொல்ல வேணும். வேற சபையில இருந்து வாற எல்லாரும் தண்ணிக்குள்ள இறங்கி அதைச் சொல்லித்தான் முழுக்கு எடுக்கிறவை."

"இவரு தலையில ஊத்துனது இல்லன்னா, அவன் தலையில ஊத்துனது மட்டும் எப்படி ஆமாம்னு ஆகும்?"

பாஸ்டர் தேத்தண்ணியைக் கீழே வைத்தார். "சின்னப் பிள்ளையளுக்குத் தண்ணியே தேவையில்லை, தங்கச்சி. அதுகள் நேரா ஆண்டவரிட்டத்தான் போகுங்கள். நான் அப்பிடித்தான் விசுவாசிக்கிறன்."

அது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆனால் பிள்ளைக்கென்று தன்னால் கொடுக்க முடிந்த ஒரே பொருளை, இது வேண்டியதே இல்லை என்று யாரோ திருப்பிக் கையில் கொடுத்தது போலத்தான் நவமணிக்கு இருந்தது.

அந்த நேரம் பார்த்துத் திலகம், கழுவிய குழம்புச் சட்டியைத் திருப்பிக் கொடுக்கப் பின்வாசல் வழியாக வந்தாள். பேச்சு அவள் காதில் விழுந்திருந்தது.

"யாரு, எம்பிள்ளைக்குக் குடுத்தத இல்லங்கிறது?"

"சும்மா இருங்கக்கா."

"என்னா சும்மா? ஐயா, ஒங்களுக்குத் தெரியாது. நான் ஏனோதானோன்னு செய்யல. அன்னிக்குப் பேய் மழை. பைப்பத் தொறந்தா சேறா வருது, கூரத் தண்ணி துருவா வருது. சாமி காரியத்துக்கு அதையா ஊத்துவாங்க? கொட்டகைக்குப் பின்னால செவ்வெளநி மரம் நிக்குதில்ல, காலையிலதான் ஒரு காச்சக்காரப் பயலுக்காக நாலு காய் பறிச்சு வெச்சிருந்தேன். ஒண்ணச் சீவி, அப்படியே கொண்டாந்து பிள்ள தலையில ஊத்துனேன். மனுசக் கை படாத தண்ணி! எங்க ஆத்தாளுக்கே அதுலதான்யா அபிசேகம். வார்த்தையும் ஒண்ணு பெசகல. போங்க, போய்ச் சாமிகிட்டக் கேட்டுப் பாருங்க!"

பாஸ்டருக்கு அதில் வித்தியாசமாக எதுவும் படவில்லை. "உங்கட அன்பை ஆண்டவர் அறிவார், அம்மா" என்றார் மரியாதையாக.

நவமணியும் சந்தியாகுவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவரும் இந்தத் தோட்டத்துக் கோயிலில் ஒரே பாயில் உட்கார்ந்து வேதபாடம் படித்தவர்கள். ஞானஸ்நானத்துக்கு எந்தத் தண்ணீர் ஆகும்? மழைத் தண்ணீர், ஆற்றுத் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், கடல் தண்ணீர். எது ஆகாது? பால், எண்ணெய், பழச்சாறு, இளநீர், கள்ளு. கடைசி இரண்டையும் உபதேசியார் இந்தத் தோட்டத்துக்காகத் தாமே சேர்த்துக்கொண்டது. கள்ளு என்றதும் பிள்ளைகள் எல்லாம் சிரிப்பார்கள். சந்தியாகுதான் அதிகமாகச் சிரிப்பான்.

மழை கொட்டிக்கொண்டிருந்தது அன்றைக்கு. கையை வெளியே நீட்டி ஒரு குத்துப் பிடித்து ஊற்றியிருந்தால் போதும்.

திலகம் முகம் மலர, சட்டியை அடுப்படியில் வைத்துவிட்டு, ஒரு வாழைப்பழத் துண்டை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காட்டில் நவமணி குனிந்த தலை நிமிரவில்லை. எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை விழுந்த இடத்தில் சிதறிக் கிடக்கும் உதிரிப் பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் கட்டுவது பெண்களின் வேலை. மழை ஈரத்தில் பழம் மண்ணுக்குள் புதைந்திருக்கும். மட்டை முள் விரலில் ஏறும். சந்தியாகு நீண்ட கம்பை மேலே நீட்டி அரிவாளால் குலையை இழுத்துத் தள்ளுகிறவன். அவன் கம்பை மரத்தில் சாய்த்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் குந்திப் பழம் பொறுக்க ஆரம்பித்தான்.

"என்னா சந்தியாகு, பொம்பள வேலைக்கு மாத்திக்கிட்டியா? சம்பளம் கொறையும்யா!" என்று கத்தினார் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் இராமையா.

"ஒரு நிமிசம் மண்டோரே" என்றான் அவன். பிறகு மெதுவாக, "ராத்திரி ஒறங்கலயா நீ?" என்று கேட்டான்.

"அவன எடுத்து வேலிக்கு வெளிய வெப்பாங்களா?"

"பைத்தியமா ஒனக்கு? யாருக்குத் தெரியும்?"

"நமக்குத் தெரியுதில்ல."

அவன் ஒரு பழத்தைத் துடைத்துச் சாக்கில் போட்டான். அழுகல் பழத்தையும் துடைத்துப் போட்டான். "கெடா வெட்டணும்னு நான் சொல்லாம இருந்திருந்தா சாமியாரே ஊத்தியிருப்பாரு."

இல்லை என்று அவள் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அவனைத் தேற்ற அவளிடம் தெம்பில்லை.

"அந்தக் கவலையிலதான் புள்ள அத்தன வருசம் குடிச்சேன். இப்பக் குடிக்கவும் முடியாம, அதையே நெனச்சுக்கிட்டுக் கெடக்குறேன். நான் முங்கணும். முங்கலன்னா மறுபடியும் அந்தக் கடப் படியில போய் நிப்பேனோன்னு பயமா இருக்கு."

"போங்க. நான் இனிமே எதச் சொல்லித் தடுக்கறது?"

"நீ வருவியா?"

"மாத்துத் துணி புடிக்க ஆள் வேணுமில்ல" என்றாள். அவன் முகத்தைப் பார்க்காமல் சாக்கின் வாயை இழுத்துக் கட்டினாள்.

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் பஸ் பிடித்துக் கோல சிலாங்கூருக்குப் போனாள். சாமியார் பங்குவீட்டுப் பின்புறம் வாழைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தார். மண் கையோடு மதிலில் உட்கார்ந்து அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். இளநீர் என்ற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார்.

"சொல்லுங்க சாமி. செல்லுமா, செல்லாதா?"

"செல்லாதும்மா."

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"பல நூறு வருஷத்துக்கு முன்னாடி, பனி கொட்டுற ஒரு நாட்டுலேர்ந்து போப்பாண்டவர்கிட்ட இதே கேள்வி வந்துச்சு. தண்ணி கெடைக்கலன்னு பிள்ளைங்களுக்கு பீர் ஊத்தி ஞானஸ்நானம் குடுத்திருக்காங்க. செல்லாதுன்னுதான் பதில் போச்சு." அவர் கையில் ஒட்டிய மண்ணை உதிர்த்தார். "ஆனா செல்லாதுன்னு சொன்னது பீர. பிள்ளைங்கள இல்ல."

"அப்ப எம்பிள்ள அந்த வெளிச்சமில்லாத எடத்துலயா சாமி இருக்கான்?"

"லிம்போங்கிறது படிச்ச பெரியவங்க யோசிச்சு யோசிச்சுச் சொன்ன ஒரு கருத்து. இத நம்பித்தான் ஆகணும்னு சபை ஒருநாளும் சொன்னதில்ல. ஞானஸ்நானம் வாங்காம போன பிள்ளைக்குக்கூட, பெத்தவங்க ஆசப்பட்டிருந்தா, அடக்கத்துக்குன்னு இப்ப ஒரு செபம் இருக்கு. அத நான் சொல்லியிருக்கேன், வேலிக்கு உள்ளேயே நின்னு. ஞானஸ்நானம் மாதிரி தேவதிரவிய அனுமானங்களுக்குக் கட்டுப்பட்டவங்க நாமதான், கடவுள் இல்ல."

"மோட்சத்துல இருக்கான்னு சொல்லுங்களேன் சாமி."

அவர் நிலத்தைப் பார்த்தார். சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். அவருக்கும் அது தெரிந்திருந்தது. "எனக்குத் தெரியாதும்மா. இருக்கான்னு நான் நம்பியிருக்கேன். நம்பியிருக்கத்தான் என்னாலயும் முடியும்."

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே தென்னை தென்னையாக ஓடியது. அவள் மறுபக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்து விளக்குப் போடும் நேரத்துக்குத் திலகம் வாசலில் வந்து நின்றாள். எப்போதும் பின்வாசலில் நேராக உள்ளே வருகிறவள், இன்று முன்வாசலில், கையில் மூடி போட்ட கிண்ணத்தோடு, விருந்தாளி மாதிரி நின்றாள்.

"கருவாட்டுக் கொழம்பு. நீ கத்திரிக்கா போட்டாத்தானே திம்ப, அதான் போட்டேன்."

"உள்ள வாங்கக்கா."

"இல்ல. நான் கேட்டுட்டுப் போறேன்." அவள் குரல் இறங்கியிருந்தது. "ரெண்டு நாளா கொட்டகைப் பக்கமே நீ வரல. அந்த ஐயா முன்னாடி நான் வாய விட்டுட்டேன்னு கோவமா?"

"கோவம் இல்லக்கா."

"அப்ப ஏன்டி மூஞ்சி இப்படி இருக்கு?" திலகம் கிண்ணத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "நான் ஊத்துனது சரிதானே, நவமணி? எதுவும் தப்பாப் பண்ணிட்டனா? எனக்கு ஒங்க வேதம் தெரியாது. நீ சொன்னத வெச்சுத்தான் செஞ்சேன். பிள்ள என்னைப் பாத்துக்கிட்டே போனான்டி. அவன நான் சரியா அனுப்புனேன்னு நெனச்சுக்கிட்டுத்தான் இன்னிக்கும் அந்தக் கொட்டகைக்குள்ள ஒக்காந்து தொட்டில் ஆட்டுறேன்."

நவமணிக்குச் சரி என்று சொல்ல வாய் எழவில்லை. மத்தியானம் சாமியார் வாயால் கேட்டு வந்த வார்த்தை நாக்கில் கிடந்தது. பொய் சொன்னால் பாவம். உண்மையைச் சொன்னால் இந்தப் பெண் நாளைக்கு எந்தத் தொட்டிலைத் தொடுவாள்?

"சரிதான்க்கா."

சந்தியாகுதான் சொன்னான். உள்ளே பாயில் நாளைக்குப் போட வேண்டிய வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவன், எழுந்து நிலைப்படிக்கு வந்திருந்தான்.

"அப்பன் நான் சொல்றேன். எம்மகனுக்கு நீங்க குடுத்தது ஞானஸ்நானம்தான். நான் இருக்க வேண்டிய எடத்துல நீங்க இருந்தீங்க. அதுல ஒரு கொறையும் கெடையாது."

திலகம் அவன் முகத்தை நன்றாகப் பார்த்தாள். பிறகு கிண்ணத்தை நவமணி கையில் திணித்துவிட்டு, "கருவாடு ஆறுனா நாறும், சுடச்சுடத் தின்னுங்க" என்று சொல்லிக்கொண்டே மூக்கைச் சிந்தியபடி போய்விட்டாள்.

சட்டையில் பாதிக் கை இஸ்திரி போடாமல் கிடந்தது. நவமணி அதை எடுத்துப் போட்டு முடித்தாள்.

செகிஞ்சானிலிருந்து உடையப்பன் ஏற்பாடு செய்திருந்த நெல் லோரி, ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாரையும் ஏற்றிக்கொண்டு ஜெராமுக்குப் போனது. பலகை இடுக்கில் இருந்த நெல் உமி எல்லாருடைய வெள்ளைத் துணியிலும் ஒட்டியது. பாட்டு லோரி குலுங்கக் குலுங்க உடைந்து உடைந்து வந்தது. சந்தியாகு பாடாமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கடல் சேற்று நிறத்தில் கிடந்தது. பாதி ஏற்றம். கொக்குகள் எட்டி நின்று பார்த்தன. பாஸ்டர் இடுப்பளவு தண்ணீரில் போய் நின்று கையை நீட்டினார். முதலில் உடையப்பனின் மாமனார் செல்லன் இறங்கினார். காட்டு மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர், எலும்பும் தோலுமான உடம்பு. அடுத்துச் சந்தியாகுவின் முறை. முழங்கால் தண்ணீர் வரைக்கும் போனான். கரையில் மாற்றுத் துணியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நவமணி நின்றாள்.

"பிரதர், நான் சொல்லுறதைத் திருப்பிச் சொல்லும். குழந்தையில என் தலையில் ஊற்றப்பட்டது..."

சந்தியாகு வாயைத் திறந்தான். மூடினான். அலை ஒன்று வந்து அவன் முழங்காலைத் தொட்டுவிட்டுப் போயிற்று.

"வரல பாஸ்டர்."

"பயமோ?"

"இல்ல. முங்கச் சொல்லுங்க, இந்தக் கடலு வத்துற வரைக்கும் முங்குறேன். மனசு திரும்பிருச்சான்னு கேளுங்க, ஆமாம்னு சொல்றேன். ஆனா பிள்ள தலையில ஊத்துனது ஒண்ணுமில்லன்னு மட்டும் என் வாயால வராது. நேத்து ராத்திரி ஒருத்தங்களுக்கு ஆமாம்னு சொல்லிட்டேன்."

"அது இல்லாமல் நான் உமக்கு முழுக்குத் தர ஏலாது. எனக்கும் மனச்சாட்சி எண்டு ஒண்டு இருக்குது, பிரதர்."

"தெரியும் பாஸ்டர். ஒங்க மேல வருத்தமில்ல."

"டேய், லோரி ஏறுறதுக்கு முந்தியே சொல்லக் கூடாதாலா?" என்று கரையிலிருந்து உடையப்பன் கத்தினான். அவன் மனைவி அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்க எல்லாமே ஈரமாக இருந்ததால் அப்படியே திரும்ப மாட்டிக்கொண்டார். சந்தியாகு திரும்பிப் போகவும் தெரியாமல், நிற்கவும் தெரியாமல் கைகளைத் தொங்கவிட்டு நின்றான். கடையின் படியை நினைத்துப் பயப்படுகிறவனின் முகம் அது; நவமணிக்குக் கரையிலிருந்தே தெரிந்தது.

"வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு வருவீரோ?" என்று கேட்டார் பாஸ்டர்.

"வரலாமா?"

"கேள்வியைப் பாரும்." அவர் கரையைக் காட்டினார். "அங்க துவாய் கட்டி வச்சிருக்கு. ஏறி வாற ஆக்களுக்குத் துடைச்சு விடும். செல்லன் ஐயா குளிரில நடுங்கிறார், ஓடும்."

சந்தியாகு கரைக்கு வந்தான். துவாய்க் கட்டை அவிழ்த்து, பற்கள் கிடுகிடுக்க நின்ற செல்லனின் தலைமேல் ஒன்றைப் போட்டு, குலையில் மண்ணைத் தட்டுகிறவன் மாதிரி வேகமாகத் தேய்த்தான். "டேய் மெதுவா, மயிரே நாலுதான் இருக்கு" என்றார் கிழவர் துவாய்க்குள்ளிருந்து. எல்லாரும் சிரித்தார்கள். சந்தியாகுவும் சிரித்தான்.

அடுத்து ஒரு பெண் ஏறி வந்தாள். அவளுக்குத் துவாயை நீட்டினான். அதற்கடுத்து ஒரு இளவட்டம். ஒருவர் பின் ஒருவராகக் கடலுக்குள் போய், மூச்சு வாங்கிக்கொண்டு, உப்பு ஒழுக ஏறி வந்தார்கள். நவமணி மாற்றுத் துணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நனைந்த துவாய்களை வாங்கிப் பிழிந்து பிழிந்து அவன் கையில் கொடுத்தாள்.

செல்லன் இன்னும் நடுங்கிக்கொண்டு லோரிப் பக்கம் குந்தியிருந்தார். சந்தியாகு காய்ந்த துவாய் ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு திரும்பவும் அவரிடம் போனான். இந்த முறை அவசரப்படவில்லை. தலையை நெஞ்சில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, உச்சியை ஒற்றி, பிடரியை ஒற்றி, துவாய் நுனியை விரலில் சுற்றிக் காது மடலுக்குப் பின்னால் தண்ணீர் நிற்கும் அந்தச் சிறிய குழியை, தோல் நோகாமல், மெல்லத் துடைத்தான். கிழவர் கண்ணை மூடிக்கொண்டு பேசாமல் காட்டினார்.

கைப்பிள்ளையைக் குளிப்பாட்டினால் அங்கேதான் ஈரம் தங்கும்; ராயப்பனுக்கும் அங்கேதான் தங்கியது. அதை யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. நவமணி பிழிந்த துவாயைக் கையில் வைத்துக்கொண்டு, கொடுக்க மறந்து, அவன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.